குவாட்டர் பாட்டிலில் டீத்தண்ணி

பழவேற்காட்டில் நான் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்த ஐஸ் கம்பெனி வாசலில் போன மாசம் புதுசாக ஒரு மிஷின் வந்திருக்கிறது. கால்குலேட்டர் மாதிரி கைக்கு அடக்கமாக இருக்கும். மேலே ஒரு குழாய். உள்ளே போகிறவன் அதில் ஊத வேண்டும். குடித்திருந்தால் எண் காட்டும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நான் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் வாரத்தில் நாலு நாள் அந்தப் பக்கம் போய்விடுவேன். வீட்டில் இருந்தால் வெங்காயம் உரிக்கச் சொல்கிறார்கள். மிஷின் வந்த அன்றைக்கும் போயிருந்தேன். இப்போது கம்ப்ரசர் ஓட்டுகிற சதீஷ் மிஷினைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

“குவாட்டர் அண்ணே, மொதல் போணி நீங்கதான். ஊதுங்க. இது எவ்ளோ தாங்குதுன்னு பாப்போம்.”

ஊதினேன். சைபர். சதீஷ் மிஷினைத் தட்டினான். மறுபடி ஊதினேன். சைபர். பேட்டரியைக் கழற்றி, சட்டையில் துடைத்து மாட்டினான். சைபர்.

“மிஷின் அவுட்டு. பில்லு இருந்தா திருப்பிக் கொடுத்துடலாம்” என்றான்.

அடுத்து கேன் தூக்குகிற ஆள் ஒருத்தன் ஊதினான். எண் பளிச்சென்று வந்தது. அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, குடித்துப் பிடிபட்டவனைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

“இன்னாண்ணே இது? பேரு குவாட்டர் தாமு. ஊதினா சைபரு?” என்றான் சதீஷ்.

அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பேர் வந்தது குடியால் இல்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் ஐஸ் கம்பெனியில் குடிப்பதை யாரும் தப்பு என்று நினைக்கவில்லை. குடிக்காதவனைத்தான் தப்பாக நினைத்தார்கள். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் தகரக் கேன்களை வரிசையாக இறக்கி, உறைந்ததும் தூக்கி, கட்டியைத் தள்ளிவிடுகிற வேலை. கையும் காலும் எந்நேரமும் ஜில்லென்று இருக்கும். உள்ளே சூடு ஏற்றாவிட்டால் எலும்பு உறைந்துபோகும் என்று எல்லாரும் நம்பினார்கள். ஏரிக்குள் இருக்கிற பசியாவரத்திலிருந்து படகில் ஐஸ் ஏற்ற வருகிறவர்களும் நல்ல மீன்பாடு கிடைத்த அன்று கூடையில் இறாலும் மடியில் பாட்டிலும் கொண்டுவருவார்கள். வேண்டாம் என்றால் மூஞ்சி சுருங்கிவிடும். “ஏன், எங்க சரக்கு எறங்காதா?” என்பார்கள்.

முதல் நாளே எனக்கு அரை கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார்கள். நானும் வீராதி வீரன் மாதிரி ஒரே மடக்கில் அடித்தேன். இரண்டே நிமிஷம். உள்ளே போனது போன வழியே திரும்பி, பக்கத்தில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த கேனுக்குள் போய்விட்டது. என் உத்தியோக வாழ்க்கையின் முதல் சாதனை, ஒரு முழு ஐஸ் கட்டியைப் பாழாக்கியது. அதன்பிறகு எத்தனை தடவை முயற்சி பண்ணியும் என் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் குடிக்காமல் இருந்தேன். ஒருத்தனும் என்னோடு பேசவில்லை. பிற்பாடு என்னோடு கம்ப்ரசர் ஆபரேட்டராக இருந்த ஏகாம்பரம், நான் காதில் வாங்கவேண்டும் என்றே பேசினான்.

“குடிக்காதவன் எதுக்கு நம்மகூட குந்தினு இருக்கான் தெரியுமா? பாத்துட்டுப் போயி மொதலாளிகிட்ட வத்தி வைக்க.”

அங்கே தனி ஆளாக வேலை செய்ய முடியாது. கேன் தூக்கும்போது அந்தப் பக்கம் பிடிக்கிறவன் கை நழுவவிட்டால் இந்தப் பக்கம் இருக்கிறவனுக்குக் கால் போச்சு. எனக்கு இரண்டு காலும் தேவைப்பட்டது. எட்டாம் நாள் இடுப்பில் ஒரு குவாட்டர் பாட்டிலோடு போனேன். உள்ளே பால் ஊற்றாத டீ.

தினமும் காலையில் என் வீட்டுக்காரி சரசுதான் புனல் வைத்து ஊற்றிக் கொடுப்பாள். “பொண்ணு பாக்க வந்தப்போ மாப்ள குடிக்க மாட்டார்னு சொன்னாங்க. இப்போ நானே ஊத்திக் குடுக்கறேன் பாரு” என்பாள். சர்க்கரை போடமாட்டாள். அடியில் தங்கினால் காட்டிக்கொடுத்துவிடுமாம். வாசனைக்கு என்று நிஜச் சரக்கு ஒரு பாட்டில் பரண்மேல் இருந்தது. அதிலிருந்து இரண்டு சொட்டு சட்டைக் காலரில், சென்ட் மாதிரி. ஒரு பாட்டில் எனக்கு ஒன்றரை வருஷம் வந்தது. தெருவில் எல்லாரும் சரசுவைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அந்தப் பரிதாபத்தையும் அவள்தான் சுமந்தாள்.

எனக்கோ ராஜ வாழ்க்கை. குடிகாரன் என்று பேர் வந்துவிட்டால் எதை வேண்டுமானாலும் பேசலாம். முதலாளியின் தொப்பையைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடினேன். “தாமு ஏத்திட்டான், விடு” என்று விட்டுவிட்டார்கள். முற்றத்தில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். ஐஸ் தயாரானால் அடிப்போம், ஆட்கள் ஓடி வருவார்கள். நான் நினைத்தபோதெல்லாம் அதை அடித்து, ஓடி வந்தவர்களிடம் “இன்னிக்கி ஐஸ் இல்ல, பாட்டுதான்” என்பேன். திட்டிக்கொண்டே சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். கழுதை, சிரித்தேன்.

எங்கள் போர்மேன் கரீம் பாய். ஊரில் பழைய குடும்பம், ஐந்து வேளை தொழுகை தவறாது. பீடிகூடக் கிடையாது. வருஷக்கணக்கில், ஐஸை உறையவைக்கிற அமோனியா வாயுவோடு குடித்தனம் நடத்தியதில் அவருக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. எந்த வாசனையும் தெரியாது. அவர் போட்டுக்கொண்டு வருகிற அத்தர்கூட அவருக்குத் தெரியாது. அளவு தெரியாமல் பூசிவிடுவார். அவர் வருவதற்கு முன்னால் அத்தர் வந்துவிடும்.

மூக்கு இல்லாததால் எதையும் கண்ணால்தான் கண்டுபிடிப்பார். மொட்டை மாடியில் ஒரு கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டியிருந்தார். வாயு கசிந்தால் முதலில் துணியைப் பார், காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள், காற்றுக்குக் குறுக்காக ஓடு என்பார். அவர் யாரையும் ஊதச் சொன்னதில்லை. ஷிப்டு தொடங்கும்போது ஐஸ் தொட்டியின் மேலே மூடியிருக்கிற பலகைகளின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கவேண்டும். அங்கே இருக்கிற மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று உரக்கப் படிக்கவேண்டும். அவர் கையைக் கட்டிக்கொண்டு நடக்கிறவன் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். பேசமாட்டார். திட்டமாட்டார். சரியில்லை என்றால் வாசலைப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்த ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

நான் ஜோராகத் தள்ளாடுவேன். இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் ஒன்று. மற்றவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் மீட்டரைச் சரியாகப் படித்துவிடுவேன். அதனால் வாசலைப் பார்க்கமாட்டார். ஒருநாள் யாரும் இல்லாதபோது கூப்பிட்டார்.

“டேய் தாமு. குடிச்சவன் தள்ளாட மாட்டான்டா.”

“இன்னா பாய் சொல்றீங்க?”

“நேரா நடக்கறதுக்கு உசுரைக் குடுப்பான். ஏகாம்பரம் நடக்கறதைப் பாரு, ரூல் தடி மாதிரி நடப்பான். நீதான் கூத்தாடி மாதிரி ஆடற.”

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. போய் வேலையைப் பார் என்பதுபோலக் கையை ஆட்டினார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஆயில் எடுக்கிறதைப் பற்றிச் சொல்லவேண்டும். கம்ப்ரசருக்கு ஊற்றுகிற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அமோனியாவோடு சேர்ந்து போய் டாங்கியின் அடியில் தங்கும். வாரம் ஒருதரம் அடி வால்வைத் திறந்து வாளியில் பிடிக்கவேண்டும். மொத்த வேலையிலும் ஆபத்தானது இதுதான். ஏனென்றால் எண்ணெய்க்குப் பின்னால் அமோனியா நிற்கிறது. கரீம் பாயின் சட்டம்: இரண்டு ஆள் இருக்கவேண்டும். கழுத்தில் ஈரத்துண்டு. கை வால்வை விட்டு நகரக்கூடாது, கண் வாளியை விட்டு நகரக்கூடாது. கருப்பாக எண்ணெய் வரும்வரை சரி. வெள்ளையாக நுரை துப்பினால் அந்த நொடியே மூடு. சில சமயம் எண்ணெய் தடித்து அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக வரும். அப்போதுதான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அடைப்பு விட்டால் மொத்தமாகப் பாயும்.

இறால் சீசன். மத்தியானம் ஒன்றரை மணி. நான் ஷிப்டு மாற்ற வந்தேன். இஞ்சின் ரூம் ஏரிப் பக்கம். ரோட்டுப் பக்கம் பெரிய முற்றம், கூரை போட்டிருக்கும். அங்கே பசியாவரம் பெண்கள் முப்பது பேர் உட்கார்ந்து இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி கோவிந்தம்மா. அவள் பேத்தி, ஆறுமாசக் குழந்தை, கூரைக் கம்பில் கட்டின தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. கரீம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார்.

இஞ்சின் ரூம் கதவைத் திறந்தேன். மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. ஏகாம்பரத்தைக் காணோம். அடி வால்வு திறந்திருக்கிறது. வாளி நிரம்பி, குழாய் வெள்ளை வெள்ளையாகத் துப்புகிறது. எண்ணெய் அடைத்துக்கொண்டு மெதுவாக வந்திருக்கிறது. அது வரட்டும் என்று விட்டுவிட்டு அவன் படகுத்துறைக்கு இன்னொரு கிளாஸுக்குப் போயிருக்கிறான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் வால்வைத் திருகினேன். சக்கரம் சும்மா சுற்றியது. மரை போயிருந்தது. பின்பக்கம் இருக்கிற மெயின் வால்வை மூடவேண்டும். அதற்கு ஈரச் சாக்கு வேண்டும், தண்ணீர் அடிக்க ஒரு ஆள் வேண்டும். கண் எரிந்து ஒன்றும் தெரியவில்லை. வெளியே ஓடி வந்தேன்.

முதலில் துணியைப் பார்த்தேன். ஏரிப் பக்கமாகப் பறந்தது. மேற்கிலிருந்து வருகிற மேல்காற்று. வாயு முழுக்க ஏரிமேல் போய்க்கொண்டிருந்தது. அதனால் முற்றத்தில் இன்னும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஐஸ் கம்பெனியில் எப்போதும் லேசாக இருக்கிற நெடிதான். ஆனால் அந்த நேரத்துக்கெல்லாம் கடல்காற்று எழும்பிவிடும். துணி இந்தப் பக்கம் திரும்பினால் மொத்தமும் முற்றத்துக்குள் வரும். முப்பது பேர். ஒரு தூளி.

தண்டவாளத்தை அடித்தேன். அடித்துக்கொண்டே கத்தினேன். “ஓடுங்க! கேஸு வந்துட்சி! எழுந்து ஓடுங்க!”

எல்லாரும் சிரித்தார்கள்.

“யக்கா, இன்னிக்கி மத்தியானத்திலியே கச்சேரி!”

“பாட்டு எங்க தாமு? மொதலாளி தொப்பைப் பாட்டு!”

கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, மூக்கு ஒழுகுகிறது, கால் நிற்கவில்லை. அன்றைக்குத்தான் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நிஜமாகத் தள்ளாடினேன். அதற்கும் கைதட்டினார்கள். கோவிந்தம்மா எழுந்து வந்து என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

“குந்து நைனா. குந்து. இன்னாத்துக்கு இப்டி அழுவுற? வூட்ல சண்டையா?” என்று ஒரு சொம்புத் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தாள். கண் கொஞ்சம் திறந்தது. துணியைப் பார்த்தேன். படபடப்பு குறைந்து தொங்க ஆரம்பித்திருந்தது.

“யக்கா, நான் குடிக்கல! நான் குடிச்சதே இல்ல! இது டீ!” இடுப்பிலிருந்து பாட்டிலை உருவி நீட்டினேன். “டீத்தண்ணி யக்கா! இத்தினி வருஷமா டீத்தண்ணி!”

அப்போது எழுந்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஒருத்தி இறால் கூடைமேலேயே சாய்ந்துவிட்டாள்.

“எங்க வூட்டு ஆளும் டெய்லி இதான் சொல்லுது, தாமு!”

கோவிந்தம்மா பாட்டிலைத் தொடவில்லை. என் சட்டைக் காலரை முகர்ந்தாள். சரசு காலையில் வைத்த இரண்டு சொட்டு. முகத்தைச் சுளித்து, “போ, போயி படு” என்றாள்.

நான் எழுந்து தூளியைப் பார்த்து ஓடினேன். குழந்தையைத் தூக்கினால் பின்னாலேயே துரத்தி வருவார்கள் என்று ஒரு நினைப்பு. நாலு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. குடித்துவிட்டுக் குழந்தைமேல் கை வைக்கிறான் என்று ஒருத்தி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். துணி அசையாமல் தொங்கியது. காற்றே இல்லை. திரும்பப் போகிறது.

கேட்டில் அத்தர் வாசனை வந்தது. பின்னாலேயே வெள்ளைத் தொப்பியோடு கரீம் பாய். அவருக்கு நெடி தெரியாது. தெரிந்தது எல்லாம், நாலு பெண்கள் பிடியில் அழுதுகொண்டிருக்கிற நானும் என் கையில் இருந்த பாட்டிலும்தான்.

“பாய்! ஆயில் வால்வு! மரை போச்சு! துணியைப் பாருங்க பாய், துணியை! யாரும் நம்ப மாட்டறாங்க!”

அவர் துணியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பக்கத்தில் வந்து என் கையிலிருந்து பாட்டிலை வாங்கினார். மூடியைத் திருகினார்.

“ஐயோ பாய், நீங்க போயி…” என்றாள் கோவிந்தம்மா.

தொழுதுவிட்டு வந்த வாய். தலையில் தொப்பி. வாழ்க்கையில் அந்த மாதிரி பாட்டிலைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனுஷன், முற்றம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். இறால் கையிலிருந்து விழுந்தால் சத்தம் கேட்டிருக்கும். முழுங்கினார். ஒரு நொடி நின்றார்.

“எரியல. டீ” என்றார். பிறகு, நான் அதுவரை அவரிடம் கேட்டே இராத குரலில் கத்தினார். “ஓடுங்கடி!”

கோவிந்தம்மா தூளியை அப்படியே கழற்றிக்கொண்டு ஓடினாள். கூடை, தராசு, செருப்பு எல்லாம் கிடந்தன. காற்றுக்குக் குறுக்காக, ரோட்டோடு தெற்கே, பஸ் ஸ்டாண்டுப் பக்கம். கடைசிப் பெண் கேட்டைத் தாண்டும்போது துணி எங்கள் பக்கம் திரும்பியது. வெள்ளையாக ஒரு புகை முற்றத்துக்குள் தவழ்ந்து வந்து, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தது.

நானும் பாயும் சாக்கை நனைத்துப் போர்த்திக்கொண்டு ஏரிப் பக்கம் சுற்றிப்போய், அந்த வாசல் வழியாக உள்ளே நுழைந்தோம். வாசலில் ஏகாம்பரம் ஓஸ் பைப்போடு நின்று தண்ணீர் அடித்தான். எப்போது வந்தானோ தெரியாது. ரூல் தடி மாதிரி நின்றான். அந்த நிற்பைப் பார்த்துத்தான் எவ்வளவு குடித்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. மெயின் வால்வை மூடி முடிக்கும்போது பாயின் இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயிருந்தன.

பொன்னேரியில் ஆஸ்பத்திரி வராந்தா. என் கண்ணில் கட்டு, அவர் கையில் கட்டு. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியும் என்ற நிலைமை. கேட்டேன்.

“பாய், அது டீதான்னு உங்களுக்கு மொதல்லியே தெரியும், இல்ல?”

“தெரியாது.”

“அப்புறம் எப்படி பாய் வாயில வெச்சீங்க?”

“நீ அழுவும்போதும் துணியைத்தான் பாத்துனு இருந்த. குடிச்சவன் எவனும் காத்தைப் பாக்க மாட்டான்.”

“சரக்கா இருந்திருந்தா?”

அவர் கட்டுப் போட்ட கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “சரசுகிட்ட சொல்லு. கொஞ்சம் சக்கரை போடச் சொல்லு. வாயெல்லாம் கசப்பு” என்றார்.

ஏகாம்பரத்தை இஞ்சின் ரூமிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் அவன் என்னோடு பேசவில்லை. அப்புறம், “நான் குடிச்சேன், தப்புதான். நீ குடிக்காம எங்ககூட குந்தி இத்தினி வருஷம் சிரிச்சியே, அது இன்னா கணக்கு?” என்று ஒரே ஒருதரம் கேட்டான். பாட்டிலை வாயு கசிந்த அன்றோடே தூக்கிப் போட்டிருந்தேன். பேர் மட்டும் போகவில்லை. கம்பெனிக்குள் கதை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், கரீம் பாயும் போய்விட்டார். பேர் நின்றுவிட்டது.

சதீஷ், மிஷின் நல்ல மிஷின்தான். நான் குறை சொல்லவில்லை. தண்டவாளத் துண்டு இருந்த இடத்தில் இப்போது சைரன் இருக்கிறது, அதுவும் நல்ல சைரன்தான். போன வாரம் யாருக்கோ பிறந்தநாள் என்று நீ தமாஷுக்கு அதை அமுக்கினாய். முற்றத்தில் எல்லாரும் சிரித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? நான் அப்போது கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மாடியைப் பார்த்தேன். பாய் கட்டின சிவப்புத் துணி இல்லை. அதற்குமேல் யோசிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டு வந்த பிறகுதான் நின்றேன். பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். கோவிந்தம்மா. எழுபது வயசுக் கிழவி, இடுப்பில் இறால் கூடையோடு. இரண்டு பேரும் திரும்பி ரோட்டைப் பார்த்தோம்.

எங்களுக்குப் பின்னால் ஒருத்தரும் வரவில்லை.